அத்திக்கு இரண்டு கை சுண்ணாம்பு

அத்திப் போத்தை வேர்விட வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும் மரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு கிளையைப் போத்தாக வெட்டி, கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, ஈர மண்ணில் செருகிவைத்தால் போதும். கழுதைகூட அத்தி வளர்த்துவிடும் என்பான் நிக்கோதெமோ. வேர்விட்டதைச் சின்ன டம்ளரிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோமே, அங்கேதான் ஆளின் லட்சணம் தெரியும். அங்கேதான் என் புருஷன் கோசிமோ என் வாயில் மண்ணைப் போட்டான்.

எடுத்த எடுப்பிலேயே புருஷனைத் திட்டுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவள் நான், திட்டுகிற உரிமையும் எனக்குத்தான். என் பெயர் சவேரியா. இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். மெல்போர்னுக்கு வடக்கே எங்கள் கையாலேயே கட்டிய வீட்டில் இருந்தோம். செங்கல் அடுக்கியது அடுத்தவன். பூச்சுவேலை முழுக்க கோசிமோ. சுவர் பூசுவதுதான் அவன் தொழில். நிக்கோதெமோ அவனுக்குக் கலவை குழைத்துக் கொடுத்த கூட்டாளி, வாயாடி, இன்றுவரை எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக் காப்பியைக் குறை சொல்பவன்.

கல்யாணமான மறுவருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள், உயிரில்லாமல். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் அப்படிப் பிறந்ததைத் தாயின் கண்ணில் காட்டமாட்டார்கள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை மட்டும்தான் பார்த்தேன். ஒரு கால் வெளியே தெரிந்தது. எங்கே புதைத்தீர்கள் என்று கோசிமோ தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டதற்கு, அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மறந்துவிடுங்கள் என்றார்களாம். மறப்பதற்கு அது என்ன குடையா? பிறகு பல தடவை போய்க் கேட்டோம். ஆள் மாறியது, கட்டடம் மாறியது, ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் வீட்டுக்குப் பின்னால் அத்தி வைப்பார்கள். பிறந்தாள்தானே, வைப்போம் என்றான் கோசிமோ. ஊர்க்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வேர்விட்ட போத்து ஒன்றை வாங்கி வந்து கொல்லையில் குழி வெட்டினான். அத்திக்குச் சுண்ணாம்பு பிடிக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் அது மாதா கோயில் சுவர் வெடிப்பில்கூட முளைத்துத் தொங்கும். அவன் வேலை செய்த இடத்தில் ஒரு பழைய சுவரை இடித்திருந்தார்கள். அந்தச் சுண்ணாம்புக் காரையைக் கை நிறைய அள்ளி வந்து குழியில் போட்டான். நான் அவளுக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளித் தொப்பியைப் போட்டேன். மண் மூடினோம். அதுதான் எங்களுக்குக் கல்லறை. நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தால் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நாங்களும் போய் அடுத்தவர் கல்லறைகளுக்கெல்லாம் பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மரத்தடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

மரம் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. கறுப்புப் பழம், உள்ளே ரத்தச் சிவப்பு, தேன் ஒழுகும். எங்கள் ஆட்களிடம் அத்திக் கிளை கேட்டால் இல்லை என்று சொல்வது வழக்கமே இல்லை, தண்ணீர் இல்லை என்று சொல்வதற்குச் சமம். நான் சொன்னேன். பழம் எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள், கிளையைத் தொடாதே என்றேன். கஞ்சப் பிசினாறி என்று தெருவே பேசியது. பேசட்டும். பெற்ற பிள்ளையின் கையை வெட்டி யாராவது கொடுப்பார்களா?

இரண்டாவதாகப் பிறந்த மகள் ஃபீனாவுக்கு இது எதுவும் தெரியாது. சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுத்ததும் இல்லை. சொல்லாமலே வருஷங்கள் போய்விட்டன. அப்பாவுக்கு மரப் பைத்தியம், அம்மாவுக்கு மெழுகுவர்த்திப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே அவள் வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டு போனாள்.

போன வருஷம் ரோடு போடுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் வரிசை வீடுகள் முழுக்க ரோட்டுக்கு வேண்டுமாம். கோசிமோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றான். வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மரத்தை மட்டும் வேரோடு பெயர்த்துத் தாருங்கள் என்று கேட்டான். அந்தத் தடிமனுக்குப் பெயர்த்தால் பிழைக்காது என்றார்கள். அது உண்மைதான், எனக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா?

அதனால்தான் போத்து. ஜூலைக் குளிரில், அந்த மரத்தில் முதல் முறையாகக் கத்தி வைத்தோம். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. கோசிமோ கைக்குட்டையால் துடைத்துவிட்டான். துடைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஒரு டஜன் போத்துகளை, உள்ளே வேர் ஓடுவது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளர்களில் செருகி, துணி துவைக்கிற அறையின் ஜன்னலில் வரிசையாக வைத்தேன். ஏழு அழுகிப்போயின. ஐந்து பிழைத்தன. ஒரு காலையில் டம்ளர் ஓரத்தில் சேமியா மாதிரி வெள்ளையாக ஒன்று நெளிந்து கிடந்தது. புழுவென்று நினைத்து மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வேர். நான் சமையலறைக்கு ஓடி கோசிமோவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு கிழங்களும் டம்ளர் முன்னால் நின்று அழுதோம்.

செப்டம்பரில், யூனிட் என்று இங்கே சொல்கிற சின்ன வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். பின்பக்கம் ஒரு பாய் அகலத்துக்குச் சிமெண்ட் தரை, அவ்வளவுதான். மரத்தை எடுத்த அன்று நாங்கள் போகவில்லை. நிக்கோதெமோ போய் நின்றுவிட்டு வந்தான். வழக்கமாக ஒன்றுக்குப் பத்தாக அளப்பவன், அன்றைக்கு, முடிஞ்சிடுச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். இனி அவள் என்று சொல்ல எங்களிடம் இருந்தது அந்த ஐந்து டம்ளர்தான்.

அக்டோபர் கடைசியில் டம்ளர் முழுக்க வேர் சுற்றிக்கொண்டது. மாற்ற வேண்டிய நேரம். நான் சொன்னேன், ஒரே ஒரு அளவு பெரிய தொட்டி, வெறும் தொட்டி மண், வேறு எதுவும் வேண்டாம், வேர் இன்னும் பிஞ்சு என்று. அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, அன்றைக்கு அவள் டம்ளரில் இருக்கக் கூடாது என்றான். நாங்கள் ஆலிவ் ஊறப்போடுகிற பெரிய வெள்ளை வாளிகளை எடுத்து அடியில் துளை போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான்.

“பச்சப் புள்ளைக்கு யாராச்சும் ரொட்டியும் சாஸேஜும் ஊட்டுவாங்களா?” என்றேன்.

“உங்க வீட்டுல ஊட்டித்தானே உன்னை வளர்த்தாங்க, அதான் இப்பிடி இருக்கே” என்றான்.

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் நான் வாளிக்குச் சம்மதித்துவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். வாளியோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருப்போம். அவனுக்குக் காரை வேண்டியிருந்தது. முதல் மரத்துக்குப் போட்டதுபோலப் பழைய சுவர்க் காரை, அதுவும் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்தே, அவன் கையால் பூசியதிலிருந்தே வேண்டும் என்று பஸ் ஏறிப் போனான். அங்கே வேலி போட்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவன், தாத்தா, உள்ளே போகக் கூடாது என்றானாம். ஒரு கை காரைதான் என்று கெஞ்சியிருக்கிறான். அள்ள அங்கே சுவரே இல்லை, இடித்ததையெல்லாம் லாரியில் ஏற்றியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டான். கோசிமோ வெறுங்கையோடு திரும்பி வந்தான். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று என்னோடு சண்டை பிடித்தான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சகல புனிதர்கள் திருநாள். நான் பூசைக்குப் போய்விட்டு அப்படியே ஃபீனா வீட்டுக்கும் போய்வந்தேன். திரும்பி வந்தால், சிமெண்ட் தரையில் ஐந்து வெள்ளை வாளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு போத்து, உச்சியில் குழந்தைக் கை போல இலை. கோசிமோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். டம்ளரைக் கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் பிளந்து, மண்கட்டி உடையாமல், ஒரு வேர்கூட அறுபடாமல் தூக்கி வைத்திருந்தான். அந்தச் சொரசொரத்த கையால் அவ்வளவு பதவிசாக நான்கூடச் செய்திருக்க மாட்டேன். அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்தேன். அடுத்த நாள், ஆத்துமாக்கள் திருநாள் பூசை முடிந்து வந்து ஐந்து மெழுகுவர்த்திகள் ஏற்றினோம். இங்கேயும் அவள் வந்துவிட்டாள் என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேலி போட்டவனும் ரோடு போடுகிறவனும் எங்களை ஒன்றும் செய்ய முடியாது என்று இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நாலைந்து நாளில் இலையோரம் கருகியது. வெயில் என்றான், நிழல்துணி கட்டினான். இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்றான்; இன்னும் ஊற்றினான். ஊற்ற ஊற்ற மோசமானது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாளியில் விரலை விட்டுக் கிளறினேன். விரல் நுனி எரிந்தது. மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி.

நாற்பது வருஷம் அவன் சட்டையைத் துவைத்தவள் நான். அந்த வாசனை எனக்குத் தெரியாதா? குடிமாறும்போது, இந்தக் குப்பை எதற்கு என்று நான் கத்தக் கத்தத் தூக்கி வந்தானே ஒரு சுண்ணாம்பு மூட்டை, அது கார் ஷெட்டில் வாய் பிளந்து கிடந்தது.

“இதைப் போட்டியா?”

“ரெண்டு கைதான். வாளிக்கு ரெண்டு கை.”

“இது உன் கையையே தின்ன சுண்ணாம்பு, கோசிமோ.”

“தெரியும்” என்றான். “செவுத்துக் காரைன்னா செத்த சுண்ணாம்பு, ஒண்ணும் பண்ணாது. மூட்டையில இருக்கிறது உசுரோட இருக்கு. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் போட்டே?”

“மொத தடவை போட்டோமில்ல. இந்தத் தடவை அவளுக்கு ஒண்ணுமே குடுக்காம எப்பிடி வைக்கிறது? கொஞ்சந்தானேன்னு நெனச்சேன்.”

என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரிக்காரர்களாவது அவளைத் தெரியாமல் தொலைத்தார்கள், நீ தெரிந்தே செய்தாய் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த நேரத்தில் அதுதான் உண்மையாக இருந்தது. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான்.

ஐந்தையும் குளிக்கிற தொட்டியில் வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வேர் வேராகக் கழுவினோம். பழுப்பாகிப்போன வேர்கள். தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தது. இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளிகிறவரை கழுவினோம். மறுபடி புது டம்ளர்களில் வைத்தோம். பிளாஸ்டிக் பையால் மூடினோம். நான் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர். எங்களுக்கு முதல் தடவையும் கொடுக்கவில்லை, இருந்தாலும் வேறு யாரிடம் போவது?

ஒவ்வொன்றாகப் போயின. கடைசி ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. தினமும் காலையில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தெரியும். கோசிமோ கதவருகில் நின்று என் முகத்தைப் பார்ப்பான், தலையாட்டுவேன், காப்பி போடப் போவான். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மேல் கணுவில் பழுப்பு. அடுத்த நாள் அதற்குக் கீழே. பிறகு கீறுவதற்கு இடமில்லை.

அடிக்கட்டையிலிருந்து அத்தி துளிர்க்கும், வெட்டினாலும் சாகாத ஜாதி என்று நிக்கோதெமோவும் சொன்னான், எனக்கும் தெரியும். வேலிக்குள் ஒரு துளிர் கிடைத்தால்கூடப் போதும் என்று நானும் கோசிமோவும் போனோம். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. வேலி வழியாகவே எல்லாம் தெரிந்தது. கொல்லை இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டிருந்தார்கள். தொப்பியும் வேரும் எந்த லாரியில் எங்கே போனதோ. கோசிமோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“நல்லாப் போட்டிருக்கானுங்க” என்றான். “வெடிப்பே வராது.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஃபீனா வந்தாள். அவளும் அவள் வண்டியிலிருந்து தூக்க முடியாமல் தூக்கி வந்த ஒரு பெரிய மண் தொட்டியும். அதில் இடுப்புயரத்துக்கு அத்தி, பளபளவென்று இலை, பிஞ்சுகூட விட்டிருந்தது. நர்சரிக்காரன் கட்டிய சிவப்பு நாடா தொங்கியது. அதே கறுப்பு ஜாதிதான், கேட்டு வாங்கினேன், இந்தக் கோடையிலேயே பழம் சாப்பிடலாம் என்றாள். வைக்க இடம் பார்த்து, கவிழ்த்து வைத்திருந்த வெள்ளை வாளிகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பாவம், அவள் என்ன கண்டாள்?

நல்ல மரம் என்றான் கோசிமோ. சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். நான் நன்றிகூடச் சொல்லாமல் காப்பிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தேன். ஃபீனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தவள்தானே. மாதக்கணக்காகக் குச்சிக்காக அழுகிறீர்கள், வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதில்லை என்று அடுக்கினாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

“நான் செத்தாக்கூட இவ்ளோ அழ மாட்டீங்க போலிருக்கு” என்றாள்.

கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தை மேஜையில் அடித்து வைத்தேன். மூடி எகிறி விழுந்தது.

“நீ சாகலடி. செத்தது உனக்கு மூத்தவ.”

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நின்ற இடத்தில் நின்று, திட்டுகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். துணி, வெளியே தெரிந்த கால், தொப்பி, மரம், போத்து, சுண்ணாம்பு. ஃபீனா பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைமுடியில் நரை ஓடியிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பேசி முடித்தேன். அவள் உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“அவளுக்குப் பேரு வெச்சீங்களா?”

“மொதப் பொண்ணுக்கு எங்கம்மா பேரு வைக்கணும். அதானே மொற” என்றான் கோசிமோ. “செரஃபீனா. அவளுக்குன்னு வெச்சிருந்தோம். அவ போனதும் அதை எடுத்து உனக்கு வெச்சோம்.”

இத்தனை வயசில், தன் பெயர் தன்னுடையதில்லை என்று கேட்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். அழவில்லை. பக்கத்தில் நின்ற புதுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா இப்ப எங்கம்மா இருக்கா?”

இத்தனை வருஷத்தில் எங்களை யாரும் கேட்காத கேள்வி. முன்பே கேட்டிருந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டியிருப்பேன். கோசிமோ என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“தெரியலடி” என்றேன்.